மேட்டுத் தெருவுக்கு இரண்டு நோட்டீஸ்

ஐந்தாவது மைல் கட்டையைத் தாண்டியபோது மழை பிடித்துக்கொண்டது. காக்கிக் கோட்டு இருந்திருந்தால் அவ்வளவு நனைந்திருக்க மாட்டேன். அதை நான் வேலை பார்த்த பட்டினசபைக் கந்தோரில், கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தேன். டயகமப் பக்கம் போகும் காலை பஸ் போய்விட்டது. அடுத்தது பின்னேரம். அதுவரை கந்தோர் வாசலில் நின்றால் யாராவது கூப்பிட்டு வேலை சொல்வார்கள், நானும் பழக்கத்தில் செய்துவிடுவேன் என்று தோன்றியது. ஆகவே நடந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பட்டினசபையில் ஒரு விசாரணை. அதற்குள் செல்லையா என்பவரையும் அவர் மனைவி பாக்கியத்தையும் கண்டுபிடித்துக் கூட்டி வர வேண்டும். அவர்கள் வராவிட்டால் அவர்களுடைய மா அரைக்கும் மெசினுக்கு அனுமதி இல்லை என்று தீர்ந்துவிடும். அவர்கள் ஊரை விட்டுப் போனதற்குக் காரணம் நான் அவர்கள் கையில் கொடுத்த ஒரு தாள்.

இதெல்லாம் ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. பின்னால் நான் வேறொரு சபையில் சேர்ந்து, வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது எங்கள் பக்கம் வீட்டுத் தெருக்களில் வாகனம் திருத்துகிறார்கள், கோழி உரிக்கிறார்கள், மரம் அறுக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் சில சமயம் என்னைத் தேடி வந்து, அந்தக் காலத்தில் இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கிறார்கள். சமாளித்தோம் என்று சொல்வதற்கில்லை. என்ன நடந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நான் பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு ஹட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன், லொறியில் கிளீனராக இருந்தேன், கந்தப்பளையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கினேன், ரோட்டுக்குக் கல் உடைத்தேன். எதிலும் இரண்டு வருடம் தரித்ததில்லை. கல் உடைத்த இடத்தில் ஒருநாள் சம்பளப் பட்டியலில் என் பெயரைத் தமிழிலும் இங்கிலீசிலும் எழுதியதை ஒருவர் பார்த்துவிட்டு, பட்டினசபையில் நோட்டீஸ் பியூன் வேலை காலியாக இருப்பதாகச் சொன்னார். போனேன். கோட்டும் தோல் பையும் கொடுத்தார்கள். அந்த டவுனின் பெயர் இங்கே வேண்டாம். ஹட்டனிலிருந்து டயகம போகிற வழியில் இருக்கிறது என்பது போதும்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் சிவகுரு ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், கட்டட இன்ஸ்பெக்டர். மெலிந்த ஆள். எந்த மழையிலும் வெள்ளைக் காற்சட்டைதான். சோதனைக்குப் போகிற வீட்டில் உட்கார மாட்டார், தேநீர் குடிக்க மாட்டார். டவுன் எல்லைக்குள் எந்தக் கடையிலுமே தேநீர் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்ததைக் கந்தோரின் பின் கதவருகே நின்றபடி குடிப்பார்.

அவருடைய அறையில் டவுன் வரைபடம் ஒன்று தொங்கியது. கடைவீதிக்குச் சிவப்பு, வீடுகளுக்கு மஞ்சள். மஞ்சள் இடத்தில் எஞ்சின் ஓடக் கூடாது, சூளை எரியக் கூடாது, விறகுக் கிடங்கு வைக்கக் கூடாது. வீட்டோடு ஒருவர் செய்கிற சில்லறைத் தொழிலுக்குத் தடையில்லை. வரைபடம் வருவதற்கு முன்பே நடந்துவந்த தொழிலாக இருந்தால், விசாரணைக்கு வந்து அதை நிரூபித்துத் தொடரலாம். விதி இவ்வளவுதான். அதை அமலாக்குகிற முறைதான் ஐயாவுடையது.

வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் என்னிடம் சொன்னார்:

"ஒரு பெட்டிசம் வந்தா எந்த வீட்டுக்கு முதல் போவீர்?"

"யாரைப் பத்தி எழுதியிருக்கோ அந்த வீட்டுக்குங்க."

"இல்லை. எழுதினவன்ர வீட்டுக்கு. அவன்ர வாசல்ல நிண்டு பாத்தாத்தான் அவனுக்கு என்ன கரைச்சல் எண்டு விளங்கும். அவன்ர வளவுக்குள்ள என்ன நடக்குதெண்டும் விளங்கும். அங்க துடங்கி, தெரு முடியிற வரைக்கும் ஒரு வீடும் விடாமப் போக வேணும்."

அப்படித்தான் போவோம். ஒவ்வொரு வீட்டிலும் கண்டதை நின்ற இடத்திலேயே எழுதுவார். எழுதியதை வீட்டுக்காரருக்கு அவருடைய பாஷையில் உரக்க வாசிப்பார். தமிழானால் தமிழ், சிங்களமானால் சிங்களம். முடிவில், "பிழையிருக்கோ?" என்று கேட்பார். பிழை என்று சொன்னால் வெட்டிவிட்டுத் திரும்ப எழுதுவார். இந்த வாசிப்பினால் ஒரு தெருவுக்கு ஒருநாள் முழுக்கப் போய்விடும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வீட்டில் ஒரு தையல் மெசின் வைக்கலாம். இரண்டு வைத்தால் அது கடை. ஒரு தையல்காரர் இரண்டாவது மெசினின் மேல் பலகை போட்டு, துணி விரித்து, முருகன் படம் வைத்துப் பூவும் சாத்தியிருந்தார். ஐயா சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டார். பிறகு குனிந்து பார்த்துவிட்டு, "முருகனுக்குக் காலால மிதிக்கிற பெடல் என்னத்துக்கு?" என்றார். தையல்காரரே சிரித்துவிட்டார். நோட்டீஸ் போனது. மெசின் கடைவீதிக்குப் போனது. அந்த ஆள் பிறகும் ஐயாவைக் கண்டால் சிரித்தபடிதான் கும்பிடுவார்.

மேட்டுத் தெரு விவகாரம் என் இரண்டாவது வருடத்தில் வந்தது. பெட்டிசம் எழுதியவர் ஞானமுத்து என்கிற ஓய்வு பெற்ற பெரிய கிளாக்கர். முப்பது வருடம் தோட்டக் கந்தோர் ஒன்றை நடத்தியவர். அச்சடித்தது போன்ற கையெழுத்து. தன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிச் செல்லையா என்பவர் எண்ணெய் எஞ்சின் வைத்து அரிசியும் மிளகாயும் அரைக்கிறார், சத்தம் தாங்கவில்லை, தூள் பறக்கிறது, இது வீட்டுத் தெரு, உடனே நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தார். எழுதியதில் பொய் ஏதும் இல்லை. மிளகாய் அரைக்கிற அன்று அந்தத் தெருவே தும்மும்.

வழக்கப்படி பெரிய கிளாக்கர் வீட்டில் தொடங்கினோம்.

"இன்ஸ்பெக்டர், மெசின் இருக்குறது அங்க," என்று அவர் கையை நீட்டிக் காட்டினார்.

"ஓம், அங்கயும் போவன். முதல்ல இங்க."

பின்வளவில் மோட்டார்க் கொட்டகை ஒன்று இருந்தது. உள்ளே அவருடைய மருமகன் அருள், முழங்கை வரை சாக்குச் சுற்றிக்கொண்டு, போத்தல்களுக்குக் காஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். சுவரோரம் கூரை வரைக்கும் சோடாப் பெட்டிகள். நாங்கள் நிற்கும்போதே ஒரு போத்தல் வெடித்தது.

"இது வீட்டுத் தேவைக்கு," என்றார் பெரிய கிளாக்கர்.

ஐயா பெட்டிகளைக் கீழிருந்து மேலே பார்த்தார். "வீட்டில எத்தினை பேர்?"

"அஞ்சு பேர்."

"தாகம் கூடின குடும்பம்," என்றபடி எழுதத் தொடங்கினார்.

சோடாக் கொட்டகை வரைபடத்துக்குப் பிறகு வந்தது என்பதை அருளே ஒப்புக்கொண்டான். செல்லையா வீட்டுக்குப் போனபோது அவர் இல்லை. தோட்டத்து லயங்களுக்கு மா கொண்டுபோயிருந்தார். பாக்கியம் மட்டும் இருந்தார். ஐயா எஞ்சினையும் அது பூட்டியிருந்த கொங்கிரீட்டையும் அளந்து, எழுதி, வாசித்துக் காட்டினார். அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார். எப்போது வைத்த மெசின் என்று கேட்டதற்கு, "அது ரொம்ப நாளாச்சுங்க, அவருக்குத்தான் தெரியும்," என்றார்.

அடுத்த புதன்கிழமை இரண்டு நோட்டீஸ் தயாரானது. இரண்டிலும் ஒரே வாசகம். இன்ன தொழில் இந்த இடத்தில் நடப்பதற்கு எதிராகப் பெட்டிசம் அல்லது அறிக்கை இருக்கிறது. பதினான்கு நாளில் விசாரணை. வந்து உங்கள் பக்கத்தைச் சொல்லலாம். வராவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்மானிக்கப்படும். இங்கிலீசில் டைப் அடித்து, கீழே சபையின் சீல். கொடுக்கிறபோது தமிழில் வாசித்துச் சொல்ல வேண்டும் என்பது ஐயாவின் நிரந்தரக் கட்டளை.

பெரிய கிளாக்கர் வீட்டில் வாசிக்க வாயைத் திறந்தேன். அவர் தாளைப் பிடுங்கி, கண்ணாடியைப் போட்டு, தானே படித்தார். "ரெண்டாவது வரியில ஒரு கமா விட்டுப்போச்சுன்னு ஒங்க டைப்பிஸ்ட்கிட்ட சொல்லு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். செல்லையா வீட்டுக்குப் போகும்போது மழை வலுத்துவிட்டது. பாக்கியம் மட்டும்தான் இருந்தார். தாளை இரண்டு கையாலும் வாங்கினார். சீலைப் பார்த்தார். பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதை நான் நல்லதென்று எடுத்துக்கொண்டு, வாசிக்காமல் இறங்கி வந்துவிட்டேன். படிக்க வீட்டுக்காரர் இருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கும் இங்கிலீசு தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை.

முதல் ஞாயிறு நான் ஹட்டனில் இருந்தேன். இரண்டாவது ஞாயிறு மேட்டுத் தெரு வழியாகப் போனபோது எஞ்சின் சத்தம் இல்லை. தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் நாலைந்து பேர், நனைத்துக் காயவைத்த அரிசி மூட்டையோடு, பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். போன ஞாயிறும் பூட்டித்தான் இருந்தது என்றார் ஒருத்தி.

அந்த வீட்டின் சொந்தக்காரர் கடைவீதியில் புடவைக் கடை வைத்திருந்த காசிம் நானா. போய்க் கேட்டேன்.

"சாவியக் கொண்டாந்து மேசையில வச்சிட்டுப் போய்ட்டாங்க தம்பி. நீங்க சீட்டுக் குடுத்த மத்த நாளே. நான் போகச் சொல்லல்லயே எண்டு கேக்குறேன், அந்தப் பொம்பள 'கந்தோர்ல சொல்லிட்டாங்க'ங்குது. எஞ்சினக் கூடக் கழட்டல்ல. என்னா பிள்ளே இது, பூட்டின எஞ்சின விட்டுட்டா போற எண்டு கேட்டேன். 'தரையில பூட்டினது நம்மளுது இல்லீங்களே'ங்குறான் அவன்."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. தோட்டத்தில் சீல் குத்திய தாள் வீடு தேடி வந்தால் அது பத்துச்சீட்டு. வேலையிலிருந்து நீக்கியாயிற்று, அறையைக் காலி பண்ணு என்று அர்த்தம். அதில் கேள்வி கேட்க ஒன்றும் இல்லை. போகும்போது சட்டி பானையைக் கொண்டுபோகலாம். நாமே அடித்த ஆணியாக இருந்தாலும், நாமே போட்ட பலகையாக இருந்தாலும், லயத்தில் பூட்டியது தோட்டத்துக்குச் சொந்தம். எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு தாள் வந்தது. அப்பா அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பாயைச் சுருட்டினார். யாரும் வாசித்துக் காட்டவில்லை, யாரும் வாசிக்கச் சொல்லவுமில்லை. செல்லையாவும் தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கோடு ஏற்பட்ட தகராறில் பத்துச்சீட்டு வாங்கி டவுனுக்கு வந்தவர்தான். இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்த வாசலில் மழைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். பெரிய கிளாக்கரோ முப்பது வருடம் அந்தச் சீட்டுகளைத் தானே டைப் அடித்தவர். ஒரே தாள்தான் இரண்டு வீட்டுக்கும் போனது.

செல்லையாவின் தங்கை டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருப்பதாக, சாமான் ஏற்றிப்போன லொறிக்காரர் திங்கட்கிழமை சொன்னார். அன்று ஐயா நுவரெலியாவிலிருந்த அரசாங்கக் கந்தோருக்கு, கச்சேரிக்குப் போயிருந்தார். செவ்வாய் காலையில்தான் அவரிடம் சொல்ல முடிந்தது. வாசிக்காமல் கொடுத்தேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: "பெருவிரல் அடையாளம் இருக்கோ?"

"இருக்குங்க ஐயா."

"அப்ப நோட்டீஸ் சட்டப்படி குடுபட்டிட்டுது."

"நான் போய்க் கூட்டியாந்துர்றேங்க. நாளைக்குத்தானே விசாரணை. அது முந்தியே இருந்த மெசினா இருந்தா…"

"இருந்தா, அதை அவை வந்து சொல்ல வேணும். பட்டினசபைப் பியூன் ஒரு பகுதியைத் தேடிப்போய் வாரும் எண்டு கூப்பிட்டா, மற்றப் பகுதி என்ன சொல்லும்? அந்தச் சோடாக்காரன்ர வீட்டுக்கும் போய் ஞாபகப்படுத்துவீரோ?"

"அவங்களுக்குப் படிக்கத் தெரியுங்க."

"தெரியும். அது எனக்கும் தெரியும்." மேசையிலிருந்த காகிதக் கோவையை நேராக்கி வைத்தார். "தவணை போடலாமெண்டா அவை கேக்க வேணும். நான் கேக்கேலாது. இந்தக் கோட்டோட நீர் போகேலாது. அவ்வளவுதான் நான் சொல்லலாம்."

கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் புறப்பட்டேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

தோட்டத்தை அடைந்தபோது பின்னேரம் நான்கு மணியிருக்கும். கால் விரலிடுக்கில் அட்டை. லயத்துக் கடைசி அறையின் முன்னால் செல்லையா விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோடரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். உள்ளேயிருந்து பாக்கியம் எட்டிப் பார்த்தார்.

"என்னாங்க தம்பி, இங்கயும் நோட்டீஸா? இது எங்க நாத்தனா வூடு. ரெண்டு நாள்ல கண்டாக்கு வந்து கேப்பாரு, அதுக்கு முந்தி நாங்களே போயிருவோம். ஒங்களுக்கு அந்தச் செரமம் வேணாம்."

"அக்கா, அந்தத் தாள்ல போகச் சொல்லல. வரச் சொல்லியிருக்கு."

"எங்க?"

"கந்தோருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு. ஒங்க பக்கத்தச் சொல்லச் சொல்லி."

பாக்கியம் வெளியே வந்துவிட்டார். "எங்க அப்பனுக்குச் சீல் குத்துன தாளு வந்திச்சு, போன்னுச்சு. இவருக்கு வந்திச்சு, போன்னுச்சு. நீ குடுத்தது மட்டும் வான்னு சொல்லிச்சாக்கும்? அத அன்னைக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கென்னா, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"மழைங்கக்கா."

"மழையாம்! கோட்டுப் போட்டவனுக்கு மழை. லொறியில மேலுக்கு ஒக்காந்து வந்தது நாங்க."

தாளைக் கேட்டேன். அவர் கொண்டுவந்து கொடுத்த தாளை அங்கேயே நின்று முதலிலிருந்து கடைசிவரை தமிழில் வாசித்தேன். லயத்தில் இருந்தவர்களெல்லாம் சுற்றி நின்று கேட்டார்கள். முடித்ததும் செல்லையா கேட்டார்:

"வந்தா மெசினு கெடைக்குமா?"

"தெரியாதுங்கண்ணே. எப்ப வச்சீங்கன்னு கேப்பாங்க. தெரு வீட்டுத் தெருன்னு கோடு போடுறதுக்கு முந்தியே வச்சதுன்னா, காட்டுனா, கெடைக்கலாம்."

"முந்திதான் வச்சேன். காட்டுறதுக்கு என்னா இருக்கு? பழைய எஞ்சினு. கொடுத்தவரும் இந்தியாவுக்குப் போய்ட்டாரு." கையை வேட்டியில் துடைத்தார். "தொரை முன்னுக்கு நின்னு பேசி எனக்குப் பழக்கமும் இல்ல தம்பி."

"மெசினு பக்கத்துல நின்னு மேட்டுத் தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துறீங்கல்ல," என்றார் பாக்கியம். "அப்பிடிப் பேசுங்க. காலையில மொத பஸ்ல போறோம்."

விசாரணை சபை மண்டபத்தில் நடந்தது. நீளமான மேசைக்குப் பின்னால் சேர்மன், காரியதரிசி, ஐயா. பெரிய கிளாக்கர் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல், புரொக்டர் ஒருவரோடு நாற்காலியில் இருந்தார். செல்லையாவும் பாக்கியமும் உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். ஐயா கடைசி வரிசையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு கதிரை," என்றார். யாரும் அசையாததால் நான் இரண்டு நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டேன்.

பெரிய கிளாக்கர் உடனே எழுந்தார். "சேர், ஊரை விட்டுப் போனவங்களை ஒங்க பியூன் போய்க் கூட்டியாந்திருக்கான். மெசின்ல அவனுக்கு என்ன பங்குன்னு கேட்டு எழுதிக்கணும்."

"எழுதலாம்," என்றார் ஐயா. "ஆனா இவர் இந்தச் சபையின்ர பியூன் இல்லை. நேற்றுச் சொல்லாமல் வேலையை விட்டுப் போனதால நீக்கியிருக்கு. கடிதம் காரியதரிசியிட்ட இருக்கு."

எனக்கு வேலை போன செய்தி அப்படித்தான் தெரிந்தது. பெரிய கிளாக்கரின் கேள்வியையும் ஐயாவின் பதிலையும் காரியதரிசி எழுதிக்கொண்டார்.

சோடாக் கொட்டகை பத்து நிமிடத்தில் முடிந்தது. புதிது என்று ஒப்புக்கொண்டது. முப்பது நாளில் கடைவீதிக்குப் போக வேண்டும். பிறகு மெசின். செல்லையா எழுந்து, உண்மையிலேயே எஞ்சின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசுகிறவர் மாதிரி, வரைபடத்துக்கு முன்பே தான் மெசின் வைத்ததாகச் சொன்னார். சேர்மன் காதைப் பொத்தாத குறை. புரொக்டர் எழுந்து, பற்றுச்சீட்டு உண்டா, கடிதம் உண்டா, சாட்சி உண்டா என்று கேட்டார். செல்லையா பாக்கியத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"அப்ப வெறும் வாய்ப்பேச்சு," என்று புரொக்டர் உட்கார்ந்தார்.

ஐயா கோவையின் கட்டை அவிழ்த்தார். அடியிலிருந்து ஒரு பழுப்புத் தாளை எடுத்து, எழுந்து நின்று உரக்க வாசித்தார். மேட்டுத் தெருவில் செல்லையா என்பவர் எண்ணெய் எஞ்சின் ஒன்றைப் புதிதாக நிறுவி அரைத்துவருவதால் பகலில் கண்ணயர முடியவில்லை என்று பட்டினசபைக்கு எழுதிய பழைய பெட்டிசம் அது. வரைபடம் வருவதற்கு முந்திய காலம். அப்போது விதி எதுவும் இல்லாததால் கோவையில் போட்டு வைத்திருந்தார்கள்.

"இது உங்கட கையெழுத்தோ?" என்று தாளைப் பெரிய கிளாக்கரிடம் நீட்டினார்.

அவர் கண்ணாடியைப் போட்டார். முழுவதையும் நிதானமாகப் படித்தார். புரொக்டர் குனிந்து காதில் ஏதோ சொன்னார். அவர் தலையசைத்து மறுத்தார்.

"என் கையெழுத்துதான். நான் எழுதுனதுதான்," என்றார். "கமாக்கூட எல்லாம் சரியா இருக்கு."

மெசின் தொடரலாம் என்று தீர்ந்தது. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. மிளகாய் வாரத்தில் இரண்டு நாள் மட்டும். தெருப்பக்கத்து ஜன்னலுக்கு ஈரச் சாக்குத் தொங்கவிட வேண்டும். பாக்கியம் அந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக ஐயாவிடம் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டார். பெருவிரலை வைப்பதற்கு முன், "இதுலயும் போகச் சொல்லலியேங்க?" என்று கேட்டார். "இல்லை அம்மா," என்றார் ஐயா.

எல்லோரும் போன பிறகு நான் கடிதம் வாங்கப் போனேன். ஐயா பின்கதவருகே பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தார்.

"அவங்க வராமப் போயிருந்தா அந்தத் தாள வாசிச்சிருப்பீங்களா ஐயா?"

"வராதவனுக்காக நான் வழக்காடேலாது. வாசிக்காமலும் விடேலாது." மூடியில் தேநீரை ஊற்றினார். "எனக்குத் தெரியாது காணும். நீர் அந்தச் சிக்கலை எனக்கு வைக்கேல்லை." பிறகு, "நீக்கினது நீக்கினதுதான்," என்றார். "சரிங்க ஐயா," என்றேன். எனக்கு அதில் குறையில்லை. வேலை நேரத்தில் சொல்லாமல் போனவன் நான்தான்.

வாசலில் செல்லையா காத்துக்கொண்டிருந்தார். "தம்பி, மெசினுக்கு ஒரு ஆள் வேணும். நாளைக்கே வாங்க. மா கொண்டு போறதுக்கு எனக்கும் ஏலாமத்தான் வருது."

நல்ல வேலைதான். ஆனால் எனக்கு என்ன பங்கு என்ற கேள்வி காரியதரிசியின் புத்தகத்தில் மை காயாமல் இருந்தது. நான் போய் அந்த எஞ்சின் பக்கத்தில் நின்றால் அதற்குப் பதில் எழுதியதாகிவிடும். அடுத்த பெட்டிசத்தில் கமாக்கள் எல்லாம் சரியாக இருக்கும். வேண்டாம் என்றேன்.

"அப்ப எங்க போவ?" என்றார் பாக்கியம்.

"பாப்போம்க்கா."

அன்றிரவு காசிம் நானாவின் கடைப் பின்பக்கத்தில் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, கந்தப்பளைக்குப் போவதா ஹட்டனுக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெரிய கிளாக்கரின் மருமகன் அருள் வந்து எதிரில் உட்கார்ந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒனக்கு வேல போயிருச்சாமே?"

"ஆமா."

"எனக்கு எடம் போயிருச்சு. மீன் கடைக்குப் பக்கத்துல ஒண்ணு பாத்திருக்கேன். பெட்டி அத்தனையும் மேட்டுத் தெருப் படியில ஒடையாம எறக்கணும். வண்டி மேல வராது. தூக்க ஒரு பயலும் வர மாட்டேங்குறான், போத்தல் வெடிச்சுப் போடுமாம்." என் தேநீருக்கும் சேர்த்து அவனே கடைக்காரருக்குக் கைகாட்டினான். "நோட்டீஸ் குடுத்தவன் நீதானே. நீயே வந்து எறக்கி வையி."

எழுந்து அவனோடு போனேன். கொட்டகை வாசலில் பெரிய கிளாக்கர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். என்னைப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு சாக்கு எடுத்து வந்து, ஒன்றை என் கையில் கொடுத்து, மற்றதைத் தானே என் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

"பெட்டியச் சாய்க்காத," என்றார். "ஏழாவது படி ஆடும்."

முதல் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன்.